ஈரக்கட்டு

ஒன்பது வருடங்களாக சம்பூர்ணத்தின் காலைப்பொழுது கால்களோடுதான் விடிந்தது. எட்டு மணிக்கு அரசு ஆஸ்பத்திரியின் டிரெஸ்ஸிங் அறைக் கதவைத் திறப்பாள். வெளியே பெஞ்சில் சர்க்கரைப் புண்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். குதிகாலில் குழி விழுந்தவர்கள், விரல் போனவர்கள், செருப்பு கடித்த சின்னப் புண்ணை மூன்று மாதம் வளர்த்துக்கொண்டு வந்தவர்கள். ஒவ்வொருவராக உள்ளே அழைத்து, நேற்றைய கட்டைப் பிரித்து, புண்ணோடு ஒட்டிக் காய்ந்திருக்கும் துணியை ஒரே இழுப்பில் எடுப்பாள். நுரைக்கிற மருந்தை ஊற்றிக் கழுவுவாள். புதுத் துணி வைத்துக் கட்டுவாள். அடுத்த ஆள்.

வலிக்கிறதா என்று அவள் கேட்டதில்லை. சர்க்கரை அந்தக் கால்களின் உணர்ச்சியை எப்போதோ தின்று தீர்த்திருந்தது. யாரும் கத்துவதில்லை. கத்தாததால் வேலை சீக்கிரம் முடிந்தது.

ஆகஸ்டு மாதத்தில் மணியம்மாள் வந்தாள். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரி, நாற்பத்தொரு வயது. வலது காலில் பெருவிரலுக்கு அடியில், தறிக்குழிக்குள் மிதியை அழுத்துகிற அதே இடத்தில், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண். மற்றவர்கள் கட்டுப் பிரிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மணியம்மாள் குனிந்து, புடவையில் இழை தப்பியதைத் தேடுகிறவள் மாதிரி உற்றுப் பார்ப்பாள். பத்தாவது நாளோ பதினோராவது நாளோ, சம்பூர்ணம் பிய்த்தெடுத்துக் குப்பை வாளியில் போடப்போன துணியை மறித்தாள்.

"அதைக் கொஞ்சம் காட்டும்மா."

"சீழ் துணி. அதுல இன்னா பாக்கப் போறே?"

"காட்டேன்."

சம்பூர்ணம் இடுக்கியோடு நீட்டினாள். மணியம்மாள் கழுத்தைச் சாய்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள்.

"ரோஸ் கலர்ல ஒட்டிக்கினு இருக்குதே, அது சீழா?"

"இல்ல. புதுசா வளர்ற சதை."

"எப்ப வளந்துது?"

"நேத்து கட்டினதுக்கு அப்புறம்."

"அப்ப தினமும் அது வளருது. தினமும் காலையில நீ அதைப் பிச்சி வாளியில போடறே."

சம்பூர்ணத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "டாக்டர் எழுதிக் குடுத்த மாதிரி கட்டறேன். உனக்குத் தெரிஞ்சா நீயே கட்டிக்கோ."

"எனக்குக் கட்டத் தெரியாதும்மா. பட்டுதான் தெரியும். பாவுல ரெண்டு இழை ஒட்டிக்கினா ஈரத்துணி வச்சி, ஊற வுட்டுத்தான் பிரிப்போம். காய்ஞ்சதைக் காய்ஞ்ச மாதிரியே இழுத்தா அறுந்துடும். அதான் கேட்டேன்."

சம்பூர்ணம் அன்றைக்கு மீதமிருந்த இருபத்தேழு பேருக்கும் கட்டுப் பிரித்தாள். பிரித்த ஒவ்வொரு துணியையும், இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, திருப்பிப் பார்த்தாள். பாதிக்கு மேல் ரோஸ் நிறம் ஒட்டியிருந்தது. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவள் அப்படியே மூடிவிட்டாள்.

அவளுக்குத் தெரியாத விஷயமில்லை, அதுதான் உறுத்தியது. இரண்டு வருடங்களுக்கு முன்பு சென்னையில் ஒரு பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். புண் ஈரமாக இருந்தால்தான் ஆறும், காயவிடக் கூடாது, அந்த இடத்தில் எடை விழக் கூடாது என்று படம் போட்டுக் காட்டினார்கள். ஜெல் மாதிரி ஒன்று, பஞ்சு மாதிரி ஒன்று, வெள்ளி கலந்த ஒன்று என்று விதவிதமான கட்டுகளைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்தார்கள். இங்கே திரும்பி வந்து ஸ்டோரில் கேட்டபோது காஸ் துணியையும் பஞ்சையும் எடுத்து வைத்தார்கள். அவளும் அதோடு அதை மறந்துபோனாள். இல்லாததை வைத்து என்ன செய்வது என்று அப்போது தோன்றியது. இருக்கிறதை வைத்து என்ன செய்யலாம் என்று இப்போதுதான் யோசித்தாள்.

மறுநாள் மணியம்மாளின் கட்டின் மேல் உப்புத் தண்ணீரை ஊற்றி ஐந்து நிமிடம் ஊறவிட்டாள். துணி தானாக வழுக்கிக்கொண்டு வந்தது. ரத்தம் இல்லை. பாதத்தின் மேல்பக்கம் விரல் வைத்து நாடித் துடிப்பு நன்றாக இருக்கிறதா என்று பார்த்தாள். எலும்பு தட்டுப்படுகிறதா, நாற்றம் இருக்கிறதா என்று பார்த்தாள். நுரைக்கிற மருந்தைத் தொடவில்லை. தீக்காய வார்டிலிருந்து கேட்டு வாங்கிய, வாசலின் களிம்பு தடவிய வலைத்துணியைப் புண்ணின் அளவுக்கு வெட்டி வைத்து, அதன் மேல் உப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த காஸ், அதற்கு மேல் தடித்த பஞ்சு. கடைசியாக, செருப்புக்குப் போடுகிற மெத்தென்ற ரப்பரில் நடுவே ஓட்டை போட்டு, புண் அந்த ஓட்டைக்குள் அந்தரத்தில் நிற்கும்படி பாதத்தோடு ஒட்டினாள்.

"நாளைக்கு வராதே. மூணாம் நாள் வா. காய்ச்சல் வந்தா, நாத்தம் வந்தா, கட்டு நனைஞ்சா அன்னைக்கே ஓடி வரணும்."

"சரிம்மா."

"இந்தக் கால்ல மிதி அழுத்தக் கூடாது."

மணியம்மாள் சிரித்தாள். "அழுத்தாம எப்டிம்மா நெய்யறது? தறி கையாலயா ஓடும்?"

"அது எனக்குத் தெரியாது. அழுத்தினா இந்தக் கட்டு வேஸ்ட்டு. கால் வேணுமா, மிதி வேணுமா?"

மூன்றாம் நாள் வந்தபோது மணியம்மாள் ஏற்பாடு செய்துவிட்டிருந்தாள். அவர்கள் வீட்டில் நெய்வது கோர்வைப் புடவை. மிதிக்கிறவர் ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் ஓட்டும் நாடாவை வீசுகிறவர் இன்னொருவர். இத்தனை நாள் மிதித்தவள் அவள், நாடா வீசியவன் புருஷன் வேல்முருகன். இப்போது இடத்தை மாற்றிக்கொண்டார்களாம். "தெருவுல எல்லாம் சிரிக்கிறாங்க. அந்தாளு மிதிக்கிற மிதிக்கு கரை கோணிக்கினு போவுது" என்றாள். சொல்லும்போது காலைப் பெருமையாக நீட்டிக்கொண்டாள்.

சம்பூர்ணம் கட்டை நனைத்துப் பிரித்தாள். உள்ளே ஈரமாக, மாதுளை முத்துப் போல் சிவந்திருந்தது சதை.

ஆறுகிறதா என்று வெறும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடக் கூடாது என்று சம்பூர்ணத்துக்குத் தோன்றியது. பட்டுப் புடவை மடித்து வைக்கும், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கவர்கள் சிலவற்றை மணியம்மாளிடம் கேட்டு வாங்கினாள். அவற்றை ஸ்பிரிட்டால் துடைத்து, புண்ணுக்கு மேலே பிடித்து, விளிம்பைப் பேனாவால் வரைந்தாள். ஓரத்தில் தேதி. வாரத்துக்கு ஒரு தாள். செப்டம்பர் முடிவதற்குள் பதினோரு பேருக்கு ஈரக்கட்டுப் போட்டாள். நாடி நன்றாக இருக்கிறவர்கள், சீழ் இல்லாதவர்கள் மட்டும். மற்றவர்களுக்குத் தினமும்தான், ஆனால் நனைத்துத்தான் பிரித்தாள். வேலை நேரம் இரட்டித்தது.

ஒருநாள் அறுவைப் பிரிவின் தலைமை மருத்துவர் உமாபதி உள்ளே வந்து ரிஜிஸ்டரைப் புரட்டினார்.

"இந்தப் பதினோரு பேர் ஏன் தினமும் வரல?"

அவள் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"சிஸ்டர், நீங்க சொல்ற தியரி எனக்கும் தெரியும். நல்ல வார்டு, நல்ல மெட்டீரியல், சுத்தமான வீடு, எல்லாம் இருந்தா சரி. இங்க வர்றவங்க வெறுங்காலோட மாட்டுக் கொட்டகையில நிக்கிறவங்க. ஆறு வருஷம் முன்னாடி ஒரு பொம்பளைக்கு நாலு நாள் கட்டைப் பிரிக்காம விட்டாங்க. பிரிச்சப்ப உள்ள புழு. தொடையில வச்சு காலை எடுத்தேன். அந்த அம்மா முகம் இன்னும் என் கண்ணுல இருக்கு. தினமும் பிரிக்கணும்னு நான் சொல்றது அதுக்காகத்தான். நாளையிலேர்ந்து பழைய மாதிரியே பண்ணுங்க."

"சார், இந்தத் தாளையெல்லாம் ஒரு தடவை..."

"பழைய மாதிரியே பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் கெட்டவர் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அவருடைய பயம் நியாயமானது என்பதும் தெரியும். ஆனால் மறுநாள் காலையில் முதல் ஆள் பாதத்தை நீட்டியபோது, காய்ந்த துணியின் முனையை இடுக்கியால் பிடித்தவளுக்கு இழுக்கக் கை வரவில்லை. உப்புத் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். ஈரக்கட்டுக்காரர்களை முன்போலவே மூன்றாம் நாள் வரச் சொன்னாள்.

அக்டோபரில் தாமலிலிருந்து ராஜவேலு வந்தார். அறுபது தாண்டியவர், ஏரிப் பாசனத்தில் நிலமும், ஊரில் சொல்லுக்கு மரியாதையும் உள்ளவர். மகன் விக்ரம் காரில் கொண்டுவந்து இறக்கினான். கட்டில்மேல் உட்கார்ந்தவர் சம்பூர்ணத்திடம் ஊர் கேட்டார்.

"ஓரிக்கை."

"ஓரிக்கையில எங்க?"

பள்ளிக்கூட நாட்களிலிருந்து அவள் பதில் சொல்லிவரும் கேள்வி அது. "காலனி" என்றாள், கையுறையை மாட்டிக்கொண்டே.

ராஜவேலு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் அவருடைய பாதத்தை மடியருகே வைத்து, நகத்திடுக்கு வரை துடைத்து, சுண்டுவிரல் பக்கத்துப் புண்ணுக்கு மற்றவர்களுக்குப் போடுவது போலவே கட்டுப் போட்டாள். இரண்டு வாரத்தில் புண் பாதியானது. அவர் சுவரைப் பார்ப்பதை நிறுத்தவில்லை.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் ஓயாமல் பெய்த ஒரு வாரத்தில், மூன்றாம் நாள் வரவேண்டியவர் ஐந்தாம் நாள் வந்தார், காய்ச்சலோடு. கட்டைப் பிரிக்கும் முன்பே நாற்றம் வந்தது. உள்ளே பஞ்சின் மடிப்பில் சாம்பல் நிறச் சேறு படிந்திருந்தது. சம்பூர்ணம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

அன்று மதியமே உமாபதி இரண்டு விரல்களை எடுத்தார்.

விக்ரம் தாழ்வாரத்தில் நின்று கத்தியது எல்லா வார்டுக்கும் கேட்டது. "தினமும் கட்டச் சொல்லி டாக்டர் எழுதி இருக்காரு. இந்தம்மா அஞ்சு நாள் பிரிக்காம வுட்டு எங்கப்பா வெரலை எடுக்க வச்சிட்டா. யார் வீட்டு ஆள் மேல சோதனை பண்ணிக்கினு இருக்கா? காலனிக்காரிக்குக் கத்துக்க எங்கப்பா கால்தான் கெடைச்சுதா?"

புகார் எழுத்தில் போனது. மறுநாள் மெமோ வந்தது. விசாரணை முடியும்வரை சம்பூர்ணம் குழந்தைகள் தடுப்பூசிப் பிரிவில் வேலை பார்க்க வேண்டும். டிரெஸ்ஸிங் அறைக்குப் பிரியதர்ஷினி என்கிற புது நர்ஸ் வந்தாள்.

ஊசிப் பிரிவில் இரண்டு நாள் சம்பூர்ணம் குழந்தைகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். ராஜவேலுவின் இரண்டு விரல்கள் கண்முன்னே வந்து வந்து போயின. சேற்றில் இறங்கியது அவர்தான். ஆனால் விவசாயி மழைக்காலத்தில் வயலில் இறங்குவார் என்று தெரிந்திருந்தும் மற்றவர்களைப் போலவே மூன்று நாள் விட்டது யார்? வரவேண்டிய நாளில் வரவில்லை என்றதும் போன் போட்டிருக்க வேண்டாமா? அந்தக் கேள்வியிலிருந்து அவள் தப்பிக்கப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, தாய்மார்கள் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்த வரிசையின் கடைசியில் மணியம்மாள் உட்கார்ந்திருந்தாள். முறை வந்ததும் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்தாள்.

"எனக்கும் போடும்மா."

"மணியம்மா, இங்க வரக் கூடாது. அங்க அந்தப் பொண்ணு இருக்குது, அதுகிட்ட போ."

"அந்தப் பொண்ணு காய்ஞ்சதை இழுக்கப் பாத்துது. கையைத் தட்டி வுட்டுட்டேன். நீ கட்டற வரைக்கும் இங்கதான் குந்திக்கினு இருப்பேன்."

"நான் கட்டினா வேலை போயிடும்."

"அப்ப கட்டாதே. நான் குந்திக்கினு இருக்கறதை யாரும் தடுக்க முடியாது இல்ல?"

அன்றைக்கு அவள் ஒருத்தி. மறுநாள் ஒன்பது பேர். தடுப்பூசிப் பிரிவின் தாழ்வாரத்தில் குழந்தைகளுக்கு நடுவே கட்டுப் போட்ட கால்கள் நீண்டிருந்தன. மதியத்தில் பிரியதர்ஷினி அழாத குறையாக ஓடி வந்தாள்.

"அக்கா, என்னை வேலை செய்யவே விட மாட்றாங்க. 'தண்ணி ஊத்து, அஞ்சு நிமிஷம் இரு'ன்னு எனக்கே க்ளாஸ் எடுக்கறாங்க. வாட்ச்சைப் பாத்துக்கினு குந்தி இருக்காங்கக்கா. நான் இன்னா பண்றது?"

"அவங்க சொல்ற மாதிரி பண்ணு" என்றாள் சம்பூர்ணம்.

விசாரணை வெள்ளிக்கிழமை நடந்தது. நிர்வாக அதிகாரி, நர்சிங் சூப்பிரண்டு ரேவதி, ஓரமாக உமாபதி. மேஜைமேல் ஒரு கடிதம் தட்டச்சு செய்து தயாராக இருந்தது. ரேவதி மெதுவாகச் சொன்னார்: "சம்பூர்ணம், கையெழுத்து போட்டுடு. எச்சரிக்கையோட முடிஞ்சிடும். உன் நல்லதுக்குச் சொல்றேன்."

அவள் படித்தாள். 'மருத்துவரின் உத்தரவை மீறி, தவறான முறையில் கட்டுப் போட்டு, நோயாளிக்குப் பாதிப்பு ஏற்படக் காரணமாக இருந்தேன்.'

"உத்தரவை மீறினது உண்மை மேடம். ராஜவேலு ஐயாவை ரெண்டாம் நாளே வரச் சொல்லி இருக்கணும், வராதப்ப தேடி இருக்கணும். அதுல என் தப்பு இருக்குது. அதை என் கையாலயே எழுதித் தர்றேன். ஆனா முறை தப்புன்னு எழுத மாட்டேன்."

"விரல் போயிருக்கு. வேற என்ன ஆதாரம் வேணும்?" என்றார் அதிகாரி. "நீங்க சொன்னதை பேஷன்ட் கேக்கலையா? ஏதாவது தண்ணியில இறங்கினாரா?"

சேறு என்ற ஒரு சொல் போதும். அவள் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லிவிட்டால் நாளை முதல் நோயாளிகள் எல்லோரும், பழி தங்கள்மேல் விழும் என்று பயந்து எதையாவது மறைப்பார்கள். மறைத்த கால்தான் முதலில் போகும்.

"அவரைப் பத்தி நான் ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல சார். இதைப் பாருங்க."

கண்ணாடிக் கவர்களை மேஜைமேல் பரப்பினாள். பதினோரு பேர், ஆளுக்கு ஏழெட்டுத் தாள். ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் வட்டத்துக்குள் வட்டமாகப் புண்கள் சுருங்கிக்கொண்டே போயின. பின்னால் சேர்ந்த ராஜவேலுவின் தாள்களும் கூடவே இருந்தன, கடைசி வாரத்தில் திடீரென்று விரிந்த கோடு உட்பட.

உமாபதி எழுந்து வந்தார். ஒவ்வொருவரின் தாள்களாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒன்றில் நின்றார். "இது யாரோடது?"

"மணியம்மாள் சார். வெளியேதான் குந்தி இருக்குது."

அவர் நேராக வெளியே போனார். மற்றவர்கள் பின்னால் போக வேண்டியதாயிற்று. பெஞ்சில் இருந்த மணியம்மாளின் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கட்டைத் தானே பிரிக்க ஆரம்பித்தார். கடைசித் துணியைப் பிடித்தபோது மணியம்மாள் காலை வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"சார். நனைச்சி எடுங்க."

தாழ்வாரம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. உமாபதியின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு திரும்பாமலே, "சலைன் கொண்டு வாங்க" என்றார். சம்பூர்ணம் ஓடிப்போய் எடுத்து வந்தாள். ஊற்றினார். ஐந்து நிமிடம் ஆகும்வரை மணியம்மாள் அவரைத் துணியைத் தொட விடவில்லை. துணி நழுவி வந்தது. ஒரு ரூபாய் அளவு புண் இருந்த இடத்தில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு சிவப்பு. சுற்றிலும் மெல்லிய புதுத்தோல்.

அவர் கட்டைவிரலால் அந்தத் தோலின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

உள்ளே திரும்பியதும் சம்பூர்ணம் கடிதத்தை எடுத்து, 'தவறான முறையில்' என்ற இரண்டு சொற்களின்மேல் பேனாவை அழுத்திக் கோடு போட்டாள். அதன் கீழே கையெழுத்துப் போட்டாள்.

"இப்படி அடிச்சுக் குடுக்கக் கூடாதும்மா" என்றார் அதிகாரி.

"இதுக்கு மேல என்னால முடியாது சார். வேணும்னா சஸ்பெண்ட் பண்ணுங்க."

அதிகாரி உமாபதியைப் பார்த்தார். உமாபதி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அடிச்சது அப்படியே இருக்கட்டும்" என்றார்.

பணிப் பதிவேட்டில் எச்சரிக்கை ஏறத்தான் செய்தது. அதை யாரும் அழிக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆனால் செவ்வாயும் வெள்ளியும் ஈரக்கட்டுக்கென்று தனி அறை கிடைத்தது. உமாபதி நிபந்தனை போட்டார்: முதல் தடவை ஒவ்வொருவர் பாதத்தையும் அவர் பார்த்த பிறகுதான் கட்டு, வயல் வேலைக்காரர்களுக்கு மழைக்காலத்தில் தினமும், வராதவருக்கு அன்றே போன். "நான் உங்க கட்சிக்கு வந்துட்டேன்னு நினைக்காதீங்க. ஒரு தாள்ல கோடு பெரிசானாலும் நிறுத்திடுவேன்" என்றார். "பெரிசானா நானே உங்ககிட்ட கொண்டாந்து காட்டுவேன் சார்" என்றாள் சம்பூர்ணம். வாசலின் வலைத்துணிக்கு ஸ்டோரில் அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மணியம்மாளின் கால் நவம்பர் இறுதியில் மூடியது. ரப்பர் வைத்த செருப்போடு மிதிக்கு அவள் திரும்பப் போனாள்.

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை ராஜவேலு தனியாக, ஷேர் ஆட்டோவில், தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். விரல் எடுத்த இடம் இன்னும் முழுக்க ஆறவில்லை. சீட்டில் உமாபதி 'ஈரக்கட்டு' என்று எழுதியிருந்தார். கட்டில்மேல் உட்கார்ந்து அவரே காலை நீட்டினார். இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை.

சம்பூர்ணம் உப்புத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மடை அடைச்சிக்கிச்சு. ஆள் யாரும் வரல. நான்தான் எறங்கினேன்" என்றார் ராஜவேலு. "பையன்கிட்ட சொல்லல."

"தெரியுங்க. கட்டுக்குள்ள சேறு இருந்துது."

அவர் திடுக்கிட்டார். "தெரிஞ்சுமா அவங்ககிட்ட சொல்லாம இருந்தே?"

"சொல்லி இருந்தா இன்னைக்கு இந்தக் காலோட யார்கிட்ட போயி இருப்பீங்க?"

ராஜவேலு தடியின் பிடியை உள்ளங்கையால் தேய்த்தபடி இருந்தார். பிறகு, "அந்த ஆபீசர்கிட்ட நான் வேணா வந்து சொல்லட்டுமாம்மா?" என்றார்.

"அது உங்க இஷ்டம். எனக்கு வேண்டியது வேற." துணி நழுவத் தொடங்கியது. அவள் அதை மெதுவாக எடுத்து ஓரமாக வைத்தாள். "செவ்வாக்கெழமை வரும்போது உங்க பையனையும் இட்டுக்கினு வாங்க. இங்க என் எதிர்ல நின்னு, எப்டி நனைக்கிறது, எப்டி கட்டறதுன்னு கத்துக்கட்டும். மழையில அவசரத்துக்கு வீட்டுல கட்ட ஒரு ஆள் வேணும் இல்ல."

"அவன் வருவானா?"

"வரணும். வரலைன்னா தாமலுக்கு நான் வருவேன். உங்க வீட்டுக் கூடத்துல உக்காந்து கத்துக் குடுப்பேன். எது வசதின்னு கேட்டுச் சொல்லுங்க."

ராஜவேலு அவளைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"காலை இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க" என்றாள் சம்பூர்ணம்.